சுழல் படிக்கட்டு: நடுத்தூணோடு படியை அசையாமல் பிணைப்பது எப்படி?

கேள்வி, மார்ச் 3

இரும்புக் குழாயை நடுத்தூணாக நிறுத்திச் சுழல் படிக்கட்டு செய்து கொண்டிருக்கிறேன். குழாயின் வெளிவிட்டம் 114 மி.மீ., சுவர்க் கனம் 4.5 மி.மீ. மொத்த உயரம் 2.85 மீட்டர். 14 படிகள், அதற்கு மேலே தளத்தோடு சேரும் மேடை. படிக்குப் படி 190 மி.மீ. ஏற்றம், 30 பாகை திருப்பம். படிப்பலகை 40 மி.மீ. கன மரம், தூணிலிருந்து 80 செ.மீ. நீளம்.

சோதனைக்கு ஒரு படி மட்டும் செய்தேன். 100 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் கொண்ட தகட்டைப் படுக்கையாகத் தூணில் வெல்டிங் செய்து, அதன்மேல் பலகையைத் திருகினேன். என் எடை 62 கிலோ. பலகையின் நடுவில் ஏறி நின்றதும் வெளிமுனை இரண்டு விரல்கடை தொங்கிவிட்டது. இறங்கிய பிறகும் பழைய இடத்துக்கு வரவில்லை. வெல்டிங்கில் விரிசல் இல்லை. தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் போதும் என்கிறார் வெல்டர். போதுமா?

மார்ச் 3, இரவு

போதாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 10 போய் 12, 12 போய் 16 என்று இரும்பின் எடைதான் ஏறும்.

சுழல் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனையில்தான் பிடி. மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. நீங்கள் 40 செ.மீ. தள்ளி நின்றபோது தகட்டின் வேரில் விழுந்த வளைவிசை ஏறக்குறைய 243 நியூட்டன் மீட்டர். படுக்கையாக வைத்த உங்கள் தகடு, சாதாரண இரும்பானால், 225-க்கு அருகிலேயே மடங்கிவிடும். நடந்ததும் அதுதான். வெல்டிங் விடவில்லை என்பதில் வியப்பில்லை. வெல்டிங்குக்கு முன்பே தகடு கைவிட்டுவிட்டது.

இப்போது 100 கிலோ ஆள் ஒருவர் வெளிமுனையில் கால் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். 785 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. தகடு 625-இல் மடங்கும். அவர் ஓடி இறங்கினால் கணக்கு இன்னும் மோசம்.

அதே பழைய 6 மி.மீ. தகட்டை, படுக்கவைக்காமல் 100 மி.மீ. பக்கம் செங்குத்தாக இருக்கும்படி நிமிர்த்தி வெல்டிங் செய்யுங்கள். வளையத் தொடங்கவே 2,500 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஒரு கிராம் இரும்புகூடக் கூடவில்லை. வலு 16 மடங்குக்கு மேல் ஏறுகிறது, விறைப்போ 270 மடங்கைத் தாண்டுகிறது. படியைத் தூணில் பிடிக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்பதுதான் இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கனமும் போல்ட்டு எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 4

மேலே சொன்னதை இழுவிசையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெளிமுனையில் 100 கிலோ இறங்கும்போது பிடிப்பின் மேல்விளிம்பு தூணைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கிறது. கீழ்விளிம்பு தூணுக்குள் அழுந்துகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் 5 செ.மீ. என்றால் மேல்விளிம்பில் இழுப்பு ஏறக்குறைய 1,600 கிலோ. 10 செ.மீ. என்றால் 800. ஒரு படியின் முழு ஏற்றமான 19 செ.மீ. கிடைத்தால் ஏறக்குறைய 420 கிலோவில் அடங்கிவிடும்.

ஏற்றிய ஆள் அதே ஆள்தான். பிடியின் உயரம் மட்டும்தான் மாறியிருக்கிறது. இதனால்தான் மேல்விளிம்பு வெல்டிங்கைப் பொறுத்தவரை யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். கீழே கொஞ்சம் குறைந்தாலும் அது அழுந்தும் பக்கம், தாங்கும். மேலே ஊசித்துளை இருந்தாலும் அதிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். பெரும்பாலான வெல்டர்கள் கைக்கு வசதியான பக்கத்தை அழகாக முடித்துவிட்டு, பலகை மறைக்கப்போகிறதே என்று மேல்பக்கத்தில் சிக்கனம் காட்டுகிறார்கள். நின்று பார்த்து வேலை வாங்குங்கள்.

மார்ச் 4, பிற்பகல்

"தகட்டை நிமிர்த்தினேன், இப்போது தொங்கவில்லை, ஆனால் பலகையின் முன்விளிம்பில் மிதித்தால் முறுக்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

முறுக்கத்தான் செய்யும். நிமிர்ந்த ஒற்றைத் தகடு மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு முறுக்கை எதிர்க்க அதனிடம் ஒன்றும் இல்லை. மனிதர்கள் பலகையின் நடுக்கோட்டிலா மிதிக்கிறார்கள்? இறங்கும்போது பாதத்தின் பாரம் முழுவதும் முன்விளிம்பில்தான் விழும். அதனால் இரண்டு தகடுகள் வேண்டும். பலகையின் முன்விளிம்பை ஒட்டி ஒன்று, பின்விளிம்பை ஒட்டி ஒன்று. தூணருகே நெருங்கி, வெளியே போகப்போக விரியட்டும். இரண்டையும் வெளிமுனையில் ஒரு குறுக்குப் பட்டையால் இணைத்துவிடுங்கள். ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்த தட்டும் இதே வேலையைச் செய்யும்.

தகடு முழுநீளத்துக்கும் 100 மி.மீ. உயரத்தில் போக வேண்டியதில்லை. வேரில் 100, வெளிமுனையில் 40 போதும். 12 படிக்கு ஒரு முழுச் சுற்று வருகிறது. ஒரு படியிலிருந்து தலைக்கு மேலுள்ள படிக்கு 2,280 மி.மீ. அதில் பலகையும் தகடும் கழிந்தால்தான் தலைக்குக் கிடைக்கும் உயரம். தூணருகே யாருடைய தலையும் வராது. நடக்கும் பாதையின் மேலே மெலிதாக இருந்தால் நெற்றி தப்பும்.

மார்ச் 6

இனித் தூணின் பக்கம் வருவோம். இதுவரை படியைப் பற்றியே பேசினோம், தூண் ஏதோ பாறை என்பதுபோல. அது 4.5 மி.மீ. சுவர் கொண்ட உள்ளீடற்ற குழாய். 6 மி.மீ. அகல விளிம்பு ஒன்றை அதன்மேல் செங்குத்தாக ஒட்டி, மேல்முனையில் 800 கிலோ இழுப்பும் கீழ்முனையில் அதே அளவு அழுத்தமும் கொடுத்தால் குழாய்ச் சுவர் அந்த இடத்தில் மூச்சு விடுவதுபோல் உள்ளும் வெளியும் அசையும். முதலில் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட்டில் மயிரிழை போன்ற கோடு தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வழிகள் மூன்று. முதலாவது, சுவர்க் கனத்தைக் கூட்டுவது. எளிது, எடை கூடும். இரண்டாவது, குழாயில் காடி வெட்டித் தகட்டை உள்ளே நுழைத்து, மறுபக்கச் சுவரிலும் பிடித்து வெல்டிங் செய்வது. வலுவானது, ஆனால் 14 படிக்கும் வெட்டி முடிக்கும்போது குழாய் சல்லடையாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. மூன்றாவது, காலர். தூணின் மேல் மாட்டும் ஒரு குட்டைக் குழாய். படியின் தகடுகள் காலரோடு வெல்டிங் ஆகும், காலர் தூணைச் சுற்றிப் பிடிக்கும். இழுப்பு ஒரு கோட்டில் விழாமல் சுற்றளவு முழுதும் பரவுகிறது. உங்கள் வேலைக்கு என் தேர்வு காலர்தான். படியைத் தரையில் வைத்தே நேராகச் செய்து முடிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

மார்ச் 9

காலருக்குக் குழாய் தேடிப் போனவர்கள் எல்லாரும் ஒரே சுவரில்தான் முட்டுகிறார்கள். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதற்காகச் செய்யப்படுவதில்லை. உங்கள் 114 மி.மீ. குழாய்க்கு அடுத்த அளவின் உள்விட்டம் 130 மி.மீ. அளவில் இருக்கும். கையில் 15 மி.மீ. இடைவெளியோடு நிற்பீர்கள்.

இடைவெளி ஏன் பகை என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். காலரின் உயரம் 190 மி.மீ. தூணுக்கும் காலருக்கும் இடையே வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் காலர் அந்த 1 மி.மீ. அளவுக்குச் சாயும். 80 செ.மீ. தள்ளியுள்ள வெளிமுனையில் அது 4 மி.மீ.க்கு மேல் இறக்கமாகத் தெரியும். பாரமே ஏற்றாமல்! காலர் பாதி உயரம்தான் என்றால் இறக்கம் இரட்டிப்பு. நான் பார்த்த தளர்ந்த படிக்கட்டுகளில் பெரும்பாலானவற்றில் இரும்பு எங்கும் உடைந்திருக்கவில்லை. இந்த ஆட்டம்தான் இருந்தது.

15 மி.மீ. இடைவெளியை ஆப்பு அடித்து நிரப்பாதீர்கள். 12 மி.மீ. தகட்டில் வளையங்கள் வெட்டி, லேத்தில் உள்துளையைத் தூணின் அளவுக்குக் கடைந்து, காலரின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வொன்று வெல்டிங் செய்யுங்கள். தூணைத் தொடப்போவது அந்த இரண்டு வளையங்கள் மட்டுமே. நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தாலும் கவலையில்லை. இதனால் தூணின் கோணலும் குழாயின் தையல் மேடும் இடைஞ்சல் செய்யா. முக்கியமாக, வளையத்தைக் காலரில் வெல்டிங் செய்த பிறகு கடையுங்கள். முன்பே கடைந்தால் வெல்டிங் சூட்டில் வட்டம் முட்டையாகிவிடும்.

உள்துளை தூணைவிட 0.3 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். ஆனால் முதலில் தூணை அளவெடுங்கள், ஓர் இடத்தில் இல்லை, மேலும் கீழும் நடுவிலும், குறுக்கும் நெடுக்கும். குழாய் எங்கும் ஒரே வட்டமாக இருப்பதில்லை.

மார்ச் 10

உங்கள் குழாயில் ஓர் அருமையான வசதி இருக்கிறது, சொல்ல மறந்துவிடக் கூடாது. வெளிவிட்டம் 114.3 மி.மீ. என்றால் சுற்றளவு 359 மி.மீ. ஒரு வட்டத்துக்கு 360 பாகை. அதாவது குழாயின் மேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு பாகை! 30 பாகைக்கு 30 மி.மீ. குறித்தால் 14 படிக்கும் சேர்த்து ஒரு மில்லிக்கு மேல் பிசகாது.

ஒரு நீளக் காகிதத்தைக் குழாயில் சுற்றி ஒட்டுங்கள். காகிதத்தை விரித்துவைத்து முன்பே கட்டம் போட்டிருக்க வேண்டும்: குறுக்கே 30, நெடுக்கே 190. கட்டத்தின் மூலைகளை இணைத்தால் சாய்கோடு. சுற்றியதும் அந்தக் கோடு தூணில் தானாக ஏறிச் சுழலும். ஒவ்வொரு மூலையும் ஒரு படியின் நடுக்கோடு. கோணமானி, ரசமட்டம் எல்லாம் சரிபார்க்கத்தான்.

மார்ச் 10, இரவு

வேறொருவர் கேட்டிருக்கிறார்: காலரை வெல்டிங் செய்யாமல் செட் ஸ்குரூ (காலரின் சுவர் வழியே இறங்கி, முனையால் தூணை அழுத்திப் பிடிக்கும் திருகு) போட்டு இறுக்கினால் என்ன, பிறகு கழற்றலாமே?

ஒரு கட்டடத்தில் வேறு பட்டறையினர் செய்துவிட்டுப் போன படிக்கட்டைப் பார்க்க என்னை அழைத்தார்கள். ஒவ்வொரு காலரிலும் மூன்று செட் ஸ்குரூ. எல்லாமே இறுகித்தான் இருந்தன, சாவி போட்டால் நகரவில்லை. ஆனால் படிகள் பக்கவாட்டில் ஆடின. ஒரு காலரைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். தூணின் பெயின்ட்டைக் கீறிக்கொண்டு ஒவ்வொரு திருகின் முனையும் ஒரு சிறு பிறையை வரைந்திருந்தது. பிறையின் இரு முனைகளிலும் இரும்பு பளபளத்தது, நடுவில் பள்ளம். ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்று ஒவ்வொரு மிதியிலும் திருகு அரைத்திருக்கிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

திருகின் முனை தாங்குவது ஒரு புள்ளியில். மெல்லிய குழாய்ச் சுவர் அந்தப் புள்ளியில் உள்வாங்கும், பிடி தளரும். அங்கே தூணும் காலரும் சேர்ந்து துளையிட்டு, குறுக்கே ஊடுருவும் போல்ட்டு போட்டோம். ஊடுருவும் போல்ட்டு என்றால் இரண்டு போடுங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்றுக்கொன்று செங்கோணமாக. ஒரே போல்ட்டானால் படி அதையே அச்சாக வைத்து ஆடத் தொடங்கும்.

மார்ச் 17

செட் ஸ்குரூவை முழுதாக ஒதுக்கிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் ஓர் இடம் உண்டு. படிகளைத் தூணில் மாட்டி, கோணம் பார்த்து, கைப்பிடி வளைவு சரியாக வருகிறதா என்று தள்ளி நின்று பார்க்கும்வரை தற்காலிகமாகப் பிடித்துவைக்க அதைவிட வசதியானது வேறில்லை. எல்லாம் சரி என்று கண்ட பிறகு வெல்டிங்கோ போல்ட்டோ போடலாம்.

வெல்டிங் வரிசையும் முக்கியம். முதல் படியை முழுதாக முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போகிறவர் 14-ஆம் படிக்கு வரும்போது தூண் எங்கோ சாய்ந்திருக்கும். எல்லாப் படிக்கும் நான்கு இடத்தில் சிறு புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்துவிட்டுத் தூக்குக்குண்டு விடுங்கள். பிறகு கீழே ஒன்று, மேலே ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒன்று என்று மாறிமாறி முடியுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். மேல்விளிம்பில் முதலில் ஓட்டினால் வெளிமுனை மேலே தூக்கும். அதை உங்களுக்குச் சாதகமாக்கலாம். வெளிமுனை 2 மி.மீ. தூக்கி நின்றால் யாருக்கும் தெரியாது, 2 மி.மீ. தொங்கினால் எல்லார் கண்ணுக்கும் படும்.

மார்ச் 18

அடுக்கு முறையைப் பற்றிக் கேட்டவருக்கு: தூண் என்று தனியாக ஒன்று தாங்காமல், ஒவ்வொரு படியின் காலரும் கீழ்ப்படியின் காலர்மேல் உட்கார்ந்து, நடுவே ஓடும் கம்பியின் உச்சியில் நட்டைப் போட்டு மொத்த அடுக்கையும் நெருக்கிப் பிடிக்கும் முறை அது. நல்ல முறைதான், வெல்டிங்கே வேண்டாம். படியின் ஏற்றத்தைக் காலர்களுக்கு இடையே வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம்.

ஆனால் காலருக்குப் பதில் மரப்பலகையே அந்த அடுக்குக்குள் நெருக்கப்பட்டால் கவனம் தேவை. 40 மி.மீ. வீதம் 14 பலகை என்றால் அடுக்கில் 560 மி.மீ. மரம். மரம் காய்ந்து கனத்தில் ஒரு சதவீதம் சுருங்கினால் 5.6 மி.மீ. போய்விடும். நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும், இறுக்கம் மட்டும் காணாமல் போகும். இரும்புக் காலரிலும் இதேபோல் ஒன்று உண்டு. தொடும் முகங்களில் பவுடர் கோட்டிங் அடித்துவிடுகிறார்கள். அது நெருக்கத்தில் மெல்ல மெல்ல நசுங்கும், 14 படியில் இரண்டு பக்கமும் சேர்த்தால் கணிசம். தொடும் முகங்களை மறைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். நட்டை எட்டும்படி மூடி வையுங்கள், பருவம் மாறியதும் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.

மார்ச் 18, இரவு

இந்த அடுக்கு முறை மிகப் பழையது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. பழைய கோபுரங்களின் கற்சுழல் படிகளில் ஒவ்வொரு கல்லும் ஒரு முனையில் வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். படிகளை அடுக்கிக்கொண்டே போனால் அந்த வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூண் தானாக எழும்பும். படி வேறு, தூண் வேறு என்ற பிரிவே அங்கில்லை. ரோமில் கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூண் இன்னும் ஒரு படி மேலே. பிரம்மாண்டமான பளிங்கு உருளைகளை உள்ளுக்குள்ளேயே குடைந்து 185 படிகள் செதுக்கியிருக்கிறார்கள். படி, தூண், சுற்றுச்சுவர் மூன்றும் ஒரே கல். 19-ஆம் நூற்றாண்டின் வார்ப்பிரும்புச் சுழல் படிகளிலும் படியோடு சேர்த்தே காலரை வார்த்து அடுக்கினார்கள்.

ஆனால் கல்தச்சர்களுக்கு நம்முடைய தொல்லை இல்லை. அவர்களுடைய படியின் மறுமுனை சுவருக்குள் போய்விட்டது. அந்தரத்தில் தொங்கவிட்டது நாம்தான்.

ஏப்ரல் 2

"வெளிப்புறக் கம்பிகள் அழகுக்கும் பாதுகாப்புக்கும்தானே, பிணைப்புக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்வி நான் எதிர்பார்த்தது.

பெரிய தொடர்பு. மார்ச் 3 அன்று மறுமுனை அந்தரத்தில் என்று எழுதினேன். கணக்குப் போடும்போது அப்படித்தான் போட வேண்டும். ஆனால் முடிந்த படிக்கட்டு அப்படி நடந்துகொள்வதில்லை, கம்பிகளைச் சரியாகப் போட்டிருந்தால். மேல்படியின் முன்விளிம்பும் கீழ்ப்படியின் பின்விளிம்பும் மேலிருந்து பார்க்கையில் சற்றே ஒன்றன்மேல் ஒன்று வருமாறு அமைத்து, அந்த இடத்தில் ஒரே கம்பி இரண்டு படியையும் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். இரண்டிலும் பிடித்துவிட்டால், ஒரு படியை மிதிக்கும்போது மேல்படி அதைத் தூக்கிப் பிடிக்கும், கீழ்ப்படி முட்டுக் கொடுக்கும். கைப்பிடி எல்லாக் கம்பியையும் சேர்க்கிறது. வெளிவட்டமே ஒரு திருகு வடிவச் சட்டமாகிவிடும்.

கம்பி போடாத படியில் நின்று குதிகாலை அழுத்திப் பாருங்கள், வெளிமுனை துள்ளும். கம்பிகளும் கைப்பிடியும் ஏறிய பிறகு அதே படியில் அதையே செய்யுங்கள். பாதத்துக்கு எதுவும் தெரியாது. இந்த வேறுபாட்டை அனுபவித்த பிறகுதான் வேலை முடிந்தது என்று எனக்கு மனம் ஒப்பும்.

இருந்தாலும் கம்பியை நம்பித் தூண் பிடிப்பைக் குறைக்காதீர்கள். கம்பிகளைப் பிறகு யாராவது அறுத்து மாற்றலாம். முதல் படிக்குக் கீழே உதவ யாருமில்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, ஒவ்வொரு படியும் 4 சதுர அங்குல இடத்தில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. எங்கே வேலை செய்தாலும் அந்த 136 கிலோவை வெளிமுனையில் வைத்துத் தனிப் படியாகவே கணக்குப் பார்க்கிறேன். கம்பி தருவதெல்லாம் அதற்கு மேல் வரும் விறைப்பு.

ஏப்ரல் 5

மரத்தூண் கேட்டவருக்கு, தனியாக.

இரும்புக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும், ஆனால் மரத்துக்கு இரண்டு குணங்கள் கூடுதல். ஒன்று, பலகையின் முனையில், நாரின் போக்கிலேயே திருகு இறக்கினால் அது நார்களைப் பிளந்துகொண்டு போகுமே தவிரக் கவ்வாது. இழுப்பு வரும் இடத்தில் அந்தத் திருகை நம்புவது வீண். இரண்டு, தூண் காய்ந்தால் விட்டம் குறையும். ஈரப்பதம் நான்கு சதவீதம் இறங்கினால் 200 மி.மீ. தூணில் ஏறக்குறைய 2 மி.மீ. வரை போகலாம். முதல் நாள் சம்மட்டியால் அடித்து ஏற்றிய இணைப்பு பிறகு கையாலேயே ஆடும்.

ஆகவே: முழு மரக்கட்டையைத் தவிர்த்து, காய்ந்த துண்டுகளை ஒட்டிச் செய்த தூணை எடுங்கள், நடுத்தண்டு இருக்கும் முழுக்கட்டை வெடிக்காமல் இருக்காது. பன்னிரண்டு பட்டைத் தூணாக இழைத்தால் 30 பாகைக்கு ஒரு தட்டையான முகம் கிடைக்கும். ஒவ்வொரு முகத்திலும் 25 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்துப் பலகையின் முனையை அதில் உட்காரவையுங்கள். பாரத்தை அந்தக் குழியின் அடி தாங்கும். மேல்விளிம்பின் இழுப்புக்குத் தூணை ஊடுருவும் மரையிட்ட கம்பி வேண்டும், மறுபக்கம் பெரிய வாஷரோடு நட்டு. எதிர்ப்பக்கப் படி ஆறு ஏற்றம் தள்ளி இருப்பதால் நட்டுக்கு இடம் தாராளம். பலகையின் அடியில் ஒரு துளை குடைந்து கம்பியின் இந்த முனைக்கும் நட்டு போடலாம். 40 மி.மீ. பலகைக்குள் மட்டும் பிடி உயரம் கிடைக்காது. அடியில் ஒரு தாங்குகட்டை, குறைந்தது 12 செ.மீ. உயரத்தில், தூணோடும் பலகையோடும் சேர்த்துப் பிணைத்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 21

தூணுக்குள் கான்கிரீட் ஊற்றலாமா? ஊற்றலாம். மிதிக்கும்போது எழும் மணியோசை அடங்கும், சுவர் உள்வாங்காது. படியின் பிடிப்புக்கு அது எதையும் கூட்டாது. வெளியில் நிற்கும் படிக்கட்டானால், துருப்பிடிக்காமலிருக்க இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் துத்தநாகக் குளியல் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். குளியலுக்குப் போகும் எந்த மூடிய பகுதியிலும் காற்றுப்போக்குத் துளை கட்டாயம். அடைபட்ட காற்றும் ஈரமும் உருகிய துத்தநாகத்தில் வெடிக்கும், ஆளைக் கொல்லும். காலரின் மேல்வாயையும் நன்றாக அடைத்துவிடுங்கள். தூணுக்கும் காலருக்கும் இடையே இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும்.

மே 12

மேலும் கீழும் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் படிகளும் பிசகின்றி நிற்கின்றன, தூண் மட்டும் மொத்தமாக ஆடுகிறது என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். மேடை இன்னும் தளத்தோடு பிணைக்கப்படவில்லையே. படிகளின் சொந்த எடை சுற்றிலும் பரவி ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஏறும் ஆளின் எடை ஒரு பக்கம்தான் விழும். அந்தச் சாய்வைத் தூணின் அடியில் தரையோடு பிடிக்கும் அடித்தகடு தனியாக எதிர்க்க முடியாது. மேடையைத் தளத்தின் உத்தரத்தோடு போல்ட்டு போட்டுப் பிணையுங்கள். அடித்தகட்டின் நங்கூரப் போல்ட்டுகள் தரை ஓட்டில் நின்றுவிடாமல் கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும்.

ஜூன் 14

ஏறிப் பார்க்கும் முன் மணல்மூட்டை சோதனை. ஒவ்வொரு படியாக, வெளிமுனையில் 136 கிலோ. படியின் அடியில் ஒரு கழியை நிறுத்தி, மூட்டை வைக்கும் முன் ஒரு கோடு, வைத்த பின் ஒரு கோடு, எடுத்த பின் ஒரு கோடு. முதல் கோடும் மூன்றாம் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். நடுக்கோடு 3, 4 மி.மீ. இறங்கினால் பரவாயில்லை, அது இரும்பின் இயல்பு. மூன்றாவது திரும்பி வராவிட்டால் எங்கோ நழுவியிருக்கிறது, அந்தப் படியில் யாரும் ஏறக் கூடாது.

போல்ட்டு போட்டவர்கள் காலரையும் தூணையும் சேர்த்துக் கூர்மையான பென்சிலால் ஒரு நேர்கோடு இழுத்து வையுங்கள். ஒரு மாதம் புழங்கிய பிறகு பூதக்கண்ணாடியோடு போய்ப் பாருங்கள். கோடு அந்த இணைப்பில் முறிந்து விலகியிருந்தால் காது கேட்பதற்கு முன்பே கண் கண்டுபிடித்துவிடும்.

செப்டம்பர் 8

சோதனையில் எல்லாப் படியும் தேறியது, பென்சில் கோடும் முறியவில்லை, ஆனால் ஐந்தாம் படி மட்டும் கிறீச்சிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தூணைத் தொடாதீர்கள். சத்தம் பலகையிலிருந்து வருகிறது.

உங்கள் பலகை வெளிமுனையில் 45 செ.மீ. அகலம். ஈரம் கூடிக் குறையும்போது அந்த அகலத்தில் ஒரு சதவீதம் மாறினாலே 4.5 மி.மீ. அடியிலுள்ள இரும்பு நகராது, திருகுகள் வட்டத் துளையில் இறுகியிருக்கும், மரம் நகரப் பார்த்து உரசும். ஐந்தாம் படியின் திருகுகளைக் கழற்றுங்கள். தூணுக்கு அருகிலுள்ள இரண்டை அப்படியே விடுங்கள். வெளிமுனையில் உள்ள துளைகளைப் பலகையின் அகலவாக்கில் பக்கத்துக்கு 3 மி.மீ. அரத்தால் அராவி நீளத்துளையாக்குங்கள். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய ரப்பர் பட்டை வைத்து, வாஷரோடு திருகைத் திரும்பப் போடுங்கள். வாஷர் கையால் சுழலாத அளவுக்கு இறுக்கினால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். மற்றப் படிகளில் சத்தம் வராவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன் அவற்றுக்கும் இதையே செய்துவிடுங்கள்.